விலையும் ஒரு வாக்குறுதியே!





சந்தை என்பது நாம் தேடிச் செல்லும் இடமாக இருந்தது. இன்று அது நம்மைத் தேடி வந்து நம் சட்டைப் பையில் அமர்ந்துகொண்டது. ஓசூர் சிப்காட்டில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர் பேருந்தில் அமர்ந்தவாறே காலணி வாங்குகிறார். கிருஷ்ணகிரியில் வீட்டை விட்டு வெளியே வராத தாய்மார்கள் பெருநாள் துணிமணிகளைக் கைப்பேசியிலேயே தேர்ந்தெடுக்கின்றனர். இதில் தவறேதும் இல்லை. வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். அது கடைவீதியில் நடந்தாலும் கைப்பேசியில் நடந்தாலும் வியாபாரமே. ஆனால் சந்தை இடம் மாறியதே தவிர, சந்தையின் நோய்கள் மாறவில்லை. அளவையில் மோசடி செய்தவன் இன்று விலையில் மோசடி செய்கிறான். தராசின் தட்டில் மறைந்திருந்த கல், இன்று திரையின் அடியில் பொடி எழுத்தாக மறைந்திருக்கிறது.

இணைய வணிகத்தில் பொய்யான விலையையும் பொய்யான தள்ளுபடியையும் காட்டி ஏமாற்றுவது குறித்தும், ஏமாற்றப்பட்டவருக்கு மார்க்கமும் நாட்டின் சட்டமும் திறந்து வைத்திருக்கும் வழிகள் குறித்தும் இந்த உரையில் சிந்திப்போம்.

அடித்துக் காட்டப்படும் விலை

திரையில் ஒரு பொருளைப் பார்க்கிறீர்கள். 2,999 ரூபாய் என்று எழுதி, அதன் மீது ஒரு கோடு கிழித்து, 899 ரூபாய் என்று கீழே போட்டிருக்கிறார்கள். 70 சதவீதம் தள்ளுபடி! பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் 10 நிமிடமே உள்ளது என்கிறது. நம் உள்ளம் பதறுகிறது.

கோடு கிழிக்கப்பட்ட அந்த விலைக்கு எவரேனும் எப்போதேனும் அந்தப் பொருளை வாங்கியிருக்கிறார்களா? நம் நாட்டில் உறையிடப்பட்ட பொருளின் மீது அச்சிடப்படும் எம்.ஆர்.பி. எனும் அதிகபட்ச சில்லறை விலையைத் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான் முடிவு செய்கிறார். அந்த விலைக்கு மேல் விற்பது குற்றம். ஆனால் பெரும்பாலான பொருள்களில், அந்த விலையே எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு கட்டவில்லை. ஆகவே வானளாவ ஒரு விலையை அச்சிட்டு, அதிலிருந்து பாதாளம் வரை இறக்கிக் காட்டுவது எளிது. விலை குறையவில்லை, குறைந்ததாகக் காட்டப்படுகிறது.

இது ஒரு வகை. இன்னொரு வகை, சிறுகச் சிறுக ஏறும் விலை. முதல் பக்கத்தில் ஒரு தொகை. பணம் செலுத்தும் பக்கத்திற்குப் போனால் வரி, கையாளும் கட்டணம், உறையிடும் கட்டணம் என்று வேறொரு தொகை. மூன்றாவது வகை, திருப்பித் தருவதாகச் சொல்லும் பணம். 500 ரூபாய் கேஷ்பேக் என்பார்கள். கடைசியில் பார்த்தால் அது பணமாக வராது. அந்த நிறுவனத்திலேயே, இத்தனை நாளுக்குள், இன்ன பொருளுக்கு மட்டும் செலவழிக்கத்தக்க புள்ளிகளாக வரும். நாம் கேட்காத பொருளோ சேவையோ கூடையில் தானாகவே சேர்க்கப்பட்டிருப்பது நான்காவது வகை.

இத்தகைய தந்திரங்களை இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகையாகப் பிரித்துத் தடை செய்துள்ளது. பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், கூடைக்குள் பொருளை நுழைத்தல், விலையைத் துளித்துளியாக ஏற்றுதல், ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்றல் ஆகியன அவற்றுள் சில.

தானியக் குவியலும் பால்மடியும்

அன்பிற்குரியவர்களே! இவற்றையெல்லாம் புதிய காலத்தின் புதிய குற்றங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இவற்றின் வேர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவிலேயே அடையாளம் காட்டிவிட்டார்கள்.

ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் தம் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இடம்பெறும் செய்தி இது. அந்த வியாபாரி பொய் எதுவும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். காய்ந்த தானியம் என்று அவர் கூவவுமில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு எது முதலில் படுமோ அதை அழகாக வைத்தார். குறையைக் கீழே வைத்தார். இன்று பெரிய எழுத்தில் சலுகையும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனையும் வைப்பது, மேலே காய்ந்ததும் கீழே ஈரமுமாக அடுக்கப்பட்ட அதே குவியலே.

விற்கப்போகும் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாட்கள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, பால் நிறைந்ததுபோல் காட்டும் வழக்கம் அரபகத்தில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தடுத்ததோடு நிறுத்தவில்லை. அவ்வாறு ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்து உண்மை தெரிந்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; இல்லையேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் கால்நடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாங்கியவரின் கையில் ஓர் உரிமையைத் தந்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதில் ஃபிக்ஹு இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏமாற்றுவது ஹராம் என்பதிலும், ஏமாந்தவருக்குப் பரிகாரம் வேண்டும் என்பதிலும் வேறுபாடு இல்லை.

வாங்கும் எண்ணமே இல்லாதவர் விலையைக் கூட்டிக் கேட்டு, உண்மையாக வாங்க வந்தவரை ஏமாற்றுவதற்கு நஜ்ஷ் என்று பெயர். அதையும் நபியவர்கள் தடுத்தார்கள். யாரும் கொடுக்காத விலையைக் காட்டி, கொடுக்கும் விலை மலிவு என்று நம்பவைப்பதும் அதே நோக்கம் கொண்டதுதானே!

நமது ஃபிக்ஹு நூல்களில் 'கியார்' என்றொரு பாடம் உண்டு. வியாபாரம் முடிந்த பிறகும் அதை முறித்துக்கொள்ளும் தேர்வுரிமை என்பது அதன் பொருள். பொருளில் குறை தெரிந்தால் ஓர் உரிமை; நிபந்தனையாகக் கேட்டுப் பெறும் கால அவகாசத்தால் ஓர் உரிமை. கண்ணால் பாராமல் வாங்கியவர், பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கின்றனர். பாராத பொருளைப் படத்தை நம்பி வாங்கும் காலம் ஒன்று வரும் என்று தெரிந்தே எழுதியதுபோல் அந்தப் பாடம் அமைந்திருக்கிறது!

நம் காலத்துத் தீர்ப்புகள்

நம் நாட்டின் நுகர்வோர் மன்றங்களும் ஆணையங்களும் இதே வழியில் சில தீர்ப்புகளை வழங்கியுள்ளன. அவற்றை அறிந்து வைத்திருப்பது நமக்குப் பயன் தரும்.

பெங்களூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி 2019இல் ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் பெருந்தள்ளுபடி விற்பனையின்போது ஒரு ஷாம்பு வாங்கினார். கொடுத்த தொகை 191 ரூபாய். வந்த புட்டியில் அச்சிட்டிருந்த அதிகபட்ச விலை 95 ரூபாய். வேறுபாடு 96 ரூபாய். பலர் இதைப் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை; நுகர்வோர் ஆணையத்தை அணுகினார். 2023இல் தீர்ப்பு வந்தது. 96 ரூபாயைத் திருப்பித் தருவதோடு, இழப்பீடும் வழக்குச் செலவுமாக ஏறத்தாழ 20,000 ரூபாய் தரும்படி ஆணையம் உத்தரவிட்டது.

ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர் 2014இல் அமேசான் தளத்தில் 190 ரூபாய்க்கு மடிக்கணினி என்ற அறிவிப்பைக் கண்டு பதிவு செய்தார். பதிவு உறுதி செய்யப்பட்டது; பின்னர் ஒருதலைப்பட்சமாக ரத்து செய்யப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. விளம்பரம் செய்து, பதிவை ஏற்று, பிறகு பின்வாங்குவது முறையன்று என்று கருதிய ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், 2021 ஜனவரியில் இழப்பீடு, அபராத ஈடு, வழக்குச் செலவு என மொத்தம் 45,000 ரூபாய் வழங்கும்படி உத்தரவிட்டது. விலையை அறிவிப்பது வாக்குக் கொடுப்பதற்குச் சமம் என்பதே இதன் சாரம்.

அடுத்து, வரி விஷயம். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலை. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்றால் நாம் தர வேண்டியது 600 ரூபாய். அதன் மேல் 18 சதவீத வரி சேர்த்து 708 ரூபாய் வாங்கினால், உண்மையான தள்ளுபடி 29.2 சதவீதமே. மீதி எங்கே போனது? உட்லேண்ட் காலணி நிறுவனம் தொடர்பான வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில், தள்ளுபடி விலையின் மேல் மீண்டும் வரி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் இப்பழக்கம் ஒழியவில்லை. குழந்தைப் பொருள்களை விற்கும் ஃபர்ஸ்ட்கிரை தளத்தை நடத்தும் நிறுவனத்தின் மீது 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 27 சதவீதம் தள்ளுபடி என்று காட்டப்பட்ட பொருளில், பணம் செலுத்தும்போது ஜி.எஸ்.டி. சேர்க்கப்பட்டதால், வாங்கியவருக்குக் கிடைத்த உண்மையான தள்ளுபடி 18.2 சதவீதம் மட்டுமே.

திருப்பித் தரும் பணத்திற்கும் ஒரு சான்று. ரேபிடோ வாகனச் செயலி, 5 நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. கடைப்பொருளாக இல்லாவிட்டாலும் தந்திரம் ஒன்றே. அந்த 50 ரூபாய் பணமாகத் தரப்படவில்லை. '50 வரை' மதிப்புள்ள புள்ளிகளாக, 7 நாட்களுக்குள், இருசக்கர வாகனப் பயணத்திற்கு மட்டும் பயன்படும்படி தரப்பட்டது. நிபந்தனைகள் படிக்க இயலாத பொடி எழுத்தில் இருந்தன. 2025 ஆகஸ்டில் ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, அச்சலுகையைப் பயன்படுத்தி, வாக்களித்த 50 ரூபாயைப் பெறாதவர்களுக்கு அதைத் திருப்பித் தரவும் கட்டளையிட்டது.

'வட்டியில்லாத் தவணை'யின் உள்ளே

முஃமின்களே! விலை மோசடி நம் பணத்தை மட்டும் தொடுவதில்லை. சில வேளைகளில் நம் மார்க்கத்தையும் தொட்டுவிடுகிறது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. வட்டி இல்லை என்று நம் இளைஞர்கள் மகிழ்ந்து கைப்பேசியும் தொலைக்காட்சியும் வாங்குகின்றனர். உள்ளே நடப்பது என்ன?

பல வங்கி அட்டைகளில், கடனுக்கு வட்டி விதிக்கவே படுகிறது. அந்த வட்டிக்குச் சமமான ஒரு தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் மாதக் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். வட்டி என்ற தலைப்பில் ஒரு தொகை இருக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கும், சில இடங்களில் செயல்பாட்டுக் கட்டணமும் இருக்கும். 2013 செப்டம்பர் 17 அன்றே இந்திய ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டி என்பது உண்மையில் இல்லாத ஒன்று என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

ரொக்கத்திற்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று சொல்லி, அவற்றுள் ஒன்றை இருவரும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டு, வியாபாரி நேரடியாகத் தவணையில் விற்பது வேறு. அதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். வங்கியோடு வட்டிக்கடன் ஒப்பந்தம் செய்துவிட்டு, அந்த வட்டியை வேறொரு பெயரில் மூடி மறைப்பது வேறு. விளம்பரத்தின் தலைப்பை வைத்து ஹலால் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தையும் கணக்கறிக்கையையும் உங்கள் பகுதி ஆலிம்களிடம் காட்டிக் கேளுங்கள். மடியைக் கட்டிக் காட்டிய ஒட்டகத்தை வாங்கியவர் பணத்தைத்தான் இழந்தார். பெயர் மாற்றிய வட்டியை வாங்குபவர் எதை இழக்கிறார் என்று சிந்திக்க வேண்டாமா?

உரிமை கேட்பது பேராசையா?

நம்மில் ஒரு மனப்போக்கு இருக்கிறது. நூறு ரூபாய்க்காக ஆணையம் வரை போவதா? அல்லாஹ் வேறு வழியில் தருவான் என்று விட்டுவிடுவோம் என்பார்கள். மன்னிப்பது உயர்ந்த பண்பே. தவறை உணர்ந்து வருந்தும் தனிமனிதரை மன்னியுங்கள். கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள். அதற்கு மகத்தான நற்கூலி உண்டு. ஆனால் லட்சக்கணக்கானோரிடம் ஆளுக்கு நூறாகச் சுருட்டும் ஏற்பாட்டைக் கண்டும் வாய் மூடி இருப்பதற்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டலாமா? உங்களுடைய நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களுக்குப் பின்னால் நிற்கும் விதவையின் நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் தமக்கு வர வேண்டிய கடனைக் கேட்டுக் கடுமையாகப் பேசினார். தோழர்கள் சினந்து எழுந்தனர். அவரை விட்டுவிடுங்கள், உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள். மேலும், அநீதி இழைப்பவனுக்கும் உதவ வேண்டும். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றும் கற்றுத் தந்தார்கள். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒரு தோழருக்கு, பொருள் வாங்கும்போதே 'ஏமாற்று கூடாது' என்று நிபந்தனை சொல்லிவிடும்படி வழிகாட்டினார்கள். ஏமாந்தவரைப் பார்த்து, உன் விதி என்று கைவிரிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், சாட்சியம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் வியாபாரத்திற்குச் சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. இணைய வணிகத்தில் உங்கள் சாட்சி, திரையைப் படமெடுத்து வைப்பதே. சலுகை அறிவிப்பு, அதன் நிபந்தனைகள், பணம் செலுத்தும் பக்கத்தில் காட்டிய தொகை, பதிவு உறுதிச் செய்தி, பட்டியல் ரசீது, வந்த பொருளின் உறையில் உள்ள எம்.ஆர்.பி. ஆகிய அனைத்தையும் தேதியுடன் சேமித்து வையுங்கள். அறிவிப்பு நாளைக்கு அங்கே இருக்காது. உங்கள் படம் இருக்கும்.

இரண்டாவது, நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க வேண்டும். தொலைபேசியில் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். புகார் எண்ணைப் பெற்றுக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். வழக்கிற்கு முன்பாக நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும் ஏற்பாடு இது, கட்டணம் இல்லை.

நான்காவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கே ஓர் செய்தியை நம் எல்லைப்புற மக்கள் சிறப்பாக அறிய வேண்டும். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், நிறுவனம் இருக்கும் ஊர், அதன் கிளை உள்ள ஊர், வழக்கிற்கான காரணம் எழுந்த ஊர் என்ற அளவிலேயே வழக்கிட இடமிருந்தது. எல்லையைக் காரணம் காட்டி இழுத்தடிக்க அது வழி வைத்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்கிடலாம் என்று ஆக்கிவிட்டது. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், ஓசூரில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகத்தில் வேலைக்குச் செல்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வடமாநிலங்களிலிருந்து வந்து நம் சிப்காட்டில் உழைக்கும் சகோதரர்கள், ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருப்பதால் தமக்கு வழியில்லை என்று எண்ண வேண்டியதில்லை. அவர்களும் இங்கேயே முறையிடலாம்.

பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நாமே வாதாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் தாமதம் ஏற்படுவதுண்டு; பொறுமையும் தேவை. உத்தரவை மதிக்காத நிறுவனத்திற்குச் சிறைத்தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு. மறுவிற்பனைக்காக வாங்கும் வியாபாரி இச்சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, ஒருவருக்கு மட்டுமின்றிப் பலருக்கும் தீங்கு தரும் விளம்பரமாக இருந்தால், மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் தரலாம். தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அந்த ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு, நியாயமான காலத்திற்கு, நியாயமான அளவில் விற்கும் எண்ணமே இல்லாமல் மலிவு விலை என்று விளம்பரம் செய்வதையும் சட்டம் முறையற்ற வணிகத்தில் சேர்த்துள்ளது.

இன்னொன்று. தளமே போலியாக இருந்து, பணம் பறிபோயிருந்தால் அது நுகர்வோர் வழக்கன்று, இணையக் குற்றம். காலம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் கைமாறுவதற்கு முன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு.

நம் பக்கத்து நேர்மை

சகோதரர்களே! உரிமையைப் பற்றிப் பேசிய நாவு கடமையைப் பற்றியும் பேச வேண்டும். பெருநாளுக்கு உடுத்திக் கழற்றிய துணியை, அளவு சரியில்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்புவது மோசடி. நல்ல பொருள் வந்திருக்க, உடைந்து வந்தது என்று பழைய பொருளை வைத்து அனுப்புவது திருட்டு. ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் நூறு ரூபாய் திரும்பத் தருகிறேன் என்று உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வருகிறதே, அதற்கு ஆசைப்பட்டு மனமறிந்து பொய்யாகப் புகழ்ந்து எழுதுவது பொய்ச்சாட்சி. அதை நம்பி ஏமாறும் ஒவ்வொருவரின் பாவத்திலும் நமக்குப் பங்கு வந்து சேரும். எதிரில் இருப்பது பெரிய நிறுவனம் என்பதால் அதன் பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது.

நம் சமுதாயத்தில் இணையத்தில் விற்பனை செய்பவர்களும் பெருகிவருகின்றனர். மாங்கூழ் முதல் ஆயத்த ஆடை வரை விற்கும் சகோதரர்களே, உங்களுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வு போதும். கூஃபாவில் துணி வியாபாரம் செய்த அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனையில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நீங்கள் ஒருநாளும் விற்காத விலையை எழுதி அதன் மீது கோடு கிழிக்கும் முன், இந்தச் செய்தியை எண்ணிப் பாருங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் இறங்கும். மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. மத்யன் நகரத்து மக்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் செய்த எச்சரிக்கையும், அளவையில் மோசடி செய்வோருக்குக் கேட்டை அறிவிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயமும் நம் ஒவ்வொருவருடைய கல்லாப்பெட்டியையும் நோக்கியே பேசுகின்றன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர் மூவர் முன்வந்து, மனு எழுதத் தெரியாத முதியோர்க்கும் தாய்மார்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உதவுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு அரைமணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால் போதும். முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்று பாராமல் வருவோர் அனைவருக்கும் எழுதிக் கொடுங்கள். அநீதிக்குள்ளானவரின் மனுவை எழுதும் பேனாவுக்கும் அல்லாஹ்விடம் மதிப்பு உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தையும் செலவையும் தூய்மையாக்குவாயாக! வாங்கும்போதும் விற்கும்போதும் எங்கள் நாவுகளில் உண்மையை நிலைக்கச் செய்வாயாக! பிறர் உரிமையைப் பறிப்பதிலிருந்தும், எங்கள் உரிமையை அறியாமையால் இழப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.